அரங்கசாமியின் ஆட்காட்டி விரல்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மரியாதைக்காகப் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் சுத்தமாக ஆகாது.

பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் அரங்கசாமிக்குக் கண்ணாடி வெட்டி மணிக்கட்டு நரம்பு அறுந்துபோனது. நடுவில் விழுந்த இடைவெளியில், கோயமுத்தூர் ஆய்வகத்தில் நான் செய்த சின்னக் குழாயை வைத்து டாக்டர் தைத்தார். முடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய இழைகள் அதற்குள் ஒரே திசையில் ஓடும். அறுந்த நரம்பு அவற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வர வேண்டும். வருமா? வராவிட்டால் விரலில் நூல் பட்டாலும் தெரியாது, நெருப்புச் சுட்டாலும் தெரியாது.

மாதாமாதம் வருவார். கண்ணை மூடச் சொல்லி, ஆட்காட்டி விரலை நைலான் இழையால் தொட்டுக் கேட்பேன். எங்கே தொட்டாலும் தெரியுதுங்க அம்மணி என்பார். நுனியில்கூட! நரம்பு அவ்வளவு வேகமாக வளராதே என்று உறுத்தியது. போன வாரம் தொடாமலே கேட்டுப் பார்த்தேன்.

"நல்லாவே தெரியுதுங்க."

எனக்கு வந்ததே ஆத்திரம். இத்தனை மாத உழைப்பும் குப்பைக்கா என்று கத்திவிட்டேன். மனுஷர் கூனிக்குறுகிப் போனார்.

"இவ்வளவு பாடுபட்டவீங்ககிட்ட இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

சொல்லிவிட்டு வெளியே போனவர், அங்கே காத்திருந்த மனைவி பங்காரம்மாவிடம் பையை ஏன் அங்கே வைத்தாய் என்று எரிந்து விழுந்தார். அவளிடம் மட்டும் மரியாதை கிடையாது போலிருக்கிறது. அட, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே! இருவரையும் உள்ளே கூப்பிட்டேன். இழையை அவள் கையில் கொடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொன்னேன்.

அவள் நுனியைத் தொட்டாள். ஒன்றும் தெரியவில்லை என்றார். நடுக்கணுவைத் தொட்டாள். அதுதான் தெரியவில்லை என்கிறேனே என்று சிடுசிடுத்தார். குழாய் தோற்றுவிட்டதென்றே நினைத்தேன். அவள் அடிக்கணுவுக்கு வந்தாள்.

"மெதுவாத் தொடு புள்ள. கூசுது."

இன்னொரு தடவை என்று சைகை காட்டினேன். தொட்டதும் விரல் வெடுக்கென்று விலகியது. பிறகு பங்காரம்மாவால் முடியவில்லை. இழையைப் பிடித்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டு நின்றாள்.

அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏன் நிறுத்திப்போட்ட?" என்றார்.