தோய்த்த ஜேர்சிகள்

பதினைந்து சிவப்பு ஜேர்சிகளும் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டதும் சுபாஸ்கரன் மோட்டார்சைக்கிளில் இருந்தபடியே தலையில் கை வைத்தான்.

"ஐயோ, தோய்ச்சுப்போட்டீரே! நாளைக்கெல்லோ பைனல்!"

"தோய்க்காமல்? மூட்டையை அவிழ்க்கவே நாத்தம் ஆளைத் தூக்கிச்சுது," என்றாள் துஷாந்தினி.

அரையிறுதியில் வென்ற ஜேர்சியை இறுதியாட்டம் முடியும்வரை தண்ணீரில் போடக்கூடாதாம். போட்டால் வெற்றியும் கழுவுண்டு போய்விடுமாம். கணவன் சுபாஸ்கரனுடைய ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் ஐதீகம் அது. அவளுக்கு யார் சொன்னார்கள்? கல்யாணம் முடித்து வந்த பதினெட்டு வருடத்தில் இந்தக் கழகம் ஒருமுறையாவது இறுதியாட்டத்துக்கு வந்திருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்! செயலாளர் என்ற மிதப்பில் மூட்டையைக் குசினி வாசலில் போட்டுவிட்டு வெற்றி கொண்டாடப் போன மனுசன், ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அவள் பிறந்த ஊரில் எல்லாம் தலைகீழ். அங்கே இறுதியாட்டத்துக்கு முதல் நாள் ஜேர்சிகளைத் தோய்த்தே ஆகவேண்டும். அதை வீட்டுக்கு வீடு முறை வைத்துச் செய்வார்கள். அவளுடைய ஒன்பதாவது வயதில் முறை அவர்கள் வீட்டுக்கு வந்தது. யுத்தகாலப் பொருளாதாரத் தடை, சவர்க்காரம் கண்ணில் படாது. சவர்க்காரத்துக்குப் பதிலாய்த் தோய்க்க அம்மா பனம்பழம் பிசைந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, மூட்டையிலிருந்து ஒன்பதாம் இலக்க மஞ்சள் ஜேர்சியை உருவி, முழங்காலுக்குக் கீழே தொங்கத் தொங்கப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். வேர்வை மணம் மூக்கைத் துளைத்தது. அவளுக்கோ சந்தோசம் தாங்கவில்லை. அந்தக் கழகமென்றால் அவளுக்கு உயிர். இல்லாத பந்தை உதைத்து, இல்லாத கோல்களை எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் அம்மாவின் கையில் பிடிபட்டு அடி வாங்கினாள்.

நாளைய இறுதியாட்டம் அந்த மஞ்சளோடுதான். வினையே அதுதான்.

பின்னேரம் மூட்டையை எடுக்க வந்த அணித்தலைவன் றஜிந்தன் ஒரு ஜேர்சியை மணந்து பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, வேணுமெண்டே செய்தனீங்கள்?"

அவள் கணவனைப் பார்த்தாள். "பிறந்த ஊர்ப் பாசம், என்ன செய்யிறது," என்று அவன் பகிடி போலச் சொன்னான்.

துஷாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருடமாய் இந்த ஊர்ச் செத்தவீடுகளுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றியவள், இன்னும் வேற்றூர்க்காரிதானா?

"உங்கடை ஊத்தையைத் தோய்ச்சு மடிச்சுத் தந்ததுக்கு எனக்கு இந்தப் பட்டமோ?" என்றாள். றஜிந்தன் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

மறுநாள் மைதானத்தில் சிவப்புப் பக்கம் போனாள். பெண்கள் சட்டென்று கதையை நிறுத்தினார்கள். மஞ்சள் பக்கம் போனாள், "நீ அங்காலை எல்லோ இருக்கவேணும்?" என்று ஒன்றுவிட்ட அக்கா கஜந்தினி சிரித்தாள். சீ என்று போயிற்று. கோல் கம்பத்துக்குப் பின்னால், ஆளரவமில்லாத இடமாய்ப் பார்த்துப் போய் நின்றுகொண்டாள்.

ஒன்றுக்கு ஒன்று சமநிலை. முடிய இரண்டு நிமிடம். சிவப்பின் கோல் வாசலில் நாலைந்து கால்கள் சிக்குப்பட, பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி நேரே அவள் காலடிக்கு உருண்டு வந்தது. கடைசியாய் யாரில் பட்டது? சிவப்பில் என்றால் மஞ்சளுக்கு மூலை உதை. மஞ்சளில் என்றால் பந்து சிவப்புக்கு. மத்தியஸ்தர் எங்கேயோ தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கொடி பிடித்தவர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா கிட்ட நிண்டவ! அவ கண்டிருப்பா!" என்று றஜிந்தன் கத்தினான்.

"ஓம், கேளுங்கோ! எங்கடை பிள்ளை பொய் சொல்லாது!" கஜந்தினியின் குரல் மற்றப் பக்கத்திலிருந்து வந்தது.

சுபாஸ்கரன் கோட்டோரம் ஓடிவந்தான். "துஷா, சொல்லுமப்பா!"

அவள் கண்டதுதான். துலக்கமாகவே கண்டாள். இரண்டு ஊரும் அவள் வாயையே பார்த்து நிற்க, பந்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த மணலை ஒரு கையால் ஆறுதலாக, அவசரமேயில்லாமல் தட்டத் தொடங்கினாள்.