பலகைக்கு அந்தப் பக்கம்

"முப்பத்தெட்டுப் பிள்ளைங்கள கணக்குல பாஸ் பண்ண வெச்சேன். ஒரு பிள்ளை மூஞ்சியக்கூட பார்த்ததில்ல!"

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்கு நிற்கிறவர்களிடம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தாமோதரன் தினமும் அவிழ்த்துவிடும் சரக்கு இது. அவருக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வீட்டில் சத்தம் போடுவது மிக்சி ஒன்றுதான். காலை வண்டி கிளம்பும்வரைதான் மனுஷ வாடை.

அவர் ஓய்வுபெற்ற வருஷம், பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவுப் பத்தாம் வகுப்பில் ஒருத்தர்கூடச் சேரவில்லை. அதே வருஷம்தான் நிர்வாகம், ரிசல்ட்டைப் பார்த்துத்தான் ஊக்கத்தொகை என்று சட்டம் போட்டது. பிள்ளை இல்லை, ரிசல்ட் இல்லை, தாமோதரனுக்குத் தொகையும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கலாம். மனுஷன் தினமும் காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்தினார்.

வகுப்புக்கு நடுவே இருந்த மரப்பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஷோபா டீச்சரின் இங்கிலீஷ் மீடியம். எல்லாம் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள். தாமோதரன் குரலோ, இங்கே தும்மினால் பக்கத்து ஊர் ஆண்டர்சன்பேட்டையில் யாராவது "நூறு ஆயுசு" சொல்லுவார்கள்.

"சுரங்கத்துல ஒவ்வொரு லெவலும் நூறு நூறு அடியா எறங்குதில்ல? அதாண்டா கூட்டுத் தொடர்வரிசை!" என்று வெறும் பெஞ்சிடம் இவர் கத்த, அது பலகையைத் துளைத்து முப்பத்தெட்டு மண்டைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டதாம்.

ஷோபாவின் வகுப்பு நூற்றுக்கு நூறு. தொகை, மாலை, மேடை எல்லாம் அவருக்கு.

கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு வண்டி ஏறுவார்கள். சண்டைக்கு வருவது ஷோபா ஒருவர்தான். அவரும் இப்போது அந்த வண்டியில்தான் பெங்களூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்வருகிறார்.

அன்றைக்கு வண்டி லேட்.

"இன்னா சார், இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டீங்களா? சனி ஞாயிறுகூட ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தது நானு. ரிசல்ட்டு மட்டும் உங்குளுதா?"

"தொகைய நீயே வெச்சிக்கோம்மா. பிள்ளைங்கள்ல பாதி குடு."

"குடுத்துருங்க டீச்சர், பத்தொம்பதுதானே!" என்றார் தினமும் அதே வண்டிக்கு நிற்கும் லாய்ட்.

"ஒண்ணுகூடக் கெடையாது. பலகைய தாண்டி ஒரு வார்த்த கேக்காது சார்."

தாமோதரன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அப்போ வருஷம் பூரா நான் யாருக்கும்மா பாடம் நடத்துனேன்?"

தூரத்தில் வண்டி கூவியது. கூட்டம் முண்டியடித்து நகர்ந்தது. ஷோபா பையை மாட்டிக்கொண்டு நாலடி போனார். திரும்பி வந்தார்.

"சார், தொடர்வரிசை எனக்கு சரியா சொல்ல வரல. நீங்க ஆரம்பிச்சதும் சாக்பீஸ கீழ வெச்சிடுவேன். பெஞ்சுங்கள பலகையோரமா இழுத்துப் போட்டு, பேசாம கேளுங்கன்னு சொல்லிடுவேன். மேடை ஏத்தி மாலை போட்டப்புறம் அத எப்பிடி சார் சொல்றது?"

வண்டி வந்து நின்றது. படியில் கால் வைத்தபடி சொன்னார்:

"முப்பத்தெட்டு இல்ல சார், முப்பத்தொம்போது. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."