முன்னறிவிப்பு இன்றி வந்த வெள்ளம்

லாரல் ஓடைச் சாலையோர வரலாற்றுப் பலகையில், நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுநீர் அணை உடைந்து "எந்த முன்னறிவிப்பும் இன்றி" வெள்ளம் வந்ததாக எழுதியிருக்கிறது. கீழே இறந்துபோன முப்பத்தெட்டுப் பேரின் பெயர்கள். அதில் என் அப்பா ஹோபர்ட்டும் ஒருவர்.

பச்சைப் பொய். அன்று அப்பா என்னை மேட்டுத் தேவாலயத்தில் இறக்கிவிட்டு, ஓடைக்கரை வீடுகள் நெடுக லாரியில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். திரும்பவில்லை.

அந்த வரியை மாற்றச் சொல்லி வரலாற்றுக் குழுத் தலைவர் கிரம்மிடம் போனேன்.

"மிஸ் ஆர்டித், அப்ப உங்களுக்கு ஆறு வயசு. ஹாரனைக் கேட்ட பெரியவங்க யாராவது எழுதிக் கொடுக்கணுமே."

"கேட்டவங்க எல்லாரும் உங்க பலகையிலதான்யா இருக்காங்க. போய்க் கையெழுத்து வாங்கிட்டு வரட்டுமா?"

அவர் ஃபைலை மூடிவிட்டார்.

அதன்பின் ஞாயிறுதோறும் காலையில் தேவாலயத்திலிருந்து பலகைவரை ஹாரனை அழுத்தியபடியே காரை ஓட்டுகிறேன். போன வாரம் ஓடைக்கரைப் புதுவீட்டுக்காரி கதவைத் திறந்தாள்.

"காலங்காத்தால உனக்கென்ன பைத்தியமா?"

கத்திவிட்டுக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

வெள்ளம் வந்த அன்று மேட்டிலிருந்து நான் பார்த்ததும் அதைத்தான். ஒவ்வொரு கதவாகத் திறந்தது, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது.