பதின்மூன்றாம் சேனல்

தங்கையின் வழக்கு அன்று காலை பதினொரு மணிக்கு வீடியோவில் விசாரணைக்கு வரவிருந்தது. பள்ளி விடுமுறை ஐந்து வாரமும் அவள் மகள் குட்டி தன் அம்மாவிடமே இருப்பாளா, பிரிந்துபோன அப்பாவிடம் போவாளா என்பதுதான் கேள்வி. நீதிபதி தாயிடம் நேராகக் கேட்பார், அவள் இல்லாமல் தன் பேச்சு எடுபடாது என்று வக்கீலம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார்.

பத்து நாற்பதுக்கு என் லேப்டாப்பைத் திறந்தேன். வைஃபை கிடைக்கவில்லை. காலையில் கரண்ட் போய் வந்திருந்தது. ஆனால் ரவுட்டரில் எல்லா விளக்கும் எரிந்தது. ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைச் சோதி, பிறகு அடுத்தது. இருபது வருடப் பழக்கம். லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவனும் நானே என்பதால் முறைப்படி ஆரம்பித்தேன்.

லேப்டாப்பில் வைஃபை அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கார்டு வேலை செய்தது. ஸ்கேன் கட்டளை கொடுத்தேன், அனுமதி இல்லை என்றது. ரூட் என்கிற முழு அதிகாரத்தோடு திரும்பக் கொடுத்தேன். அக்கம்பக்கத்து நெட்வொர்க் ஏழு வரிசையாக வந்தன. எங்களுடையது மட்டும் இல்லை.

தங்கை எட்டிப் பார்த்தாள். “உன் கம்ப்யூட்டருக்கு ஊரே தெரியுது, நம்ம வீடு மட்டும் தெரியலயாண்ணா?”

அவளுடைய போனில் எங்கள் நெட்வொர்க் பளிச்சென்று தெரிந்தது. போனிலேயே பேசிவிடுகிறேனே என்றாள். காட்ட வேண்டிய பள்ளிக் காகிதங்களெல்லாம் லேப்டாப்பில் இருந்தன. அதைவிட, போனுக்குத் தெரிவது எனக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை.

“ரெண்டே நிமிஷம் பொறும்மா. கிட்ட வந்துட்டேன்” என்றேன்.

அவள் பொறுத்தாள். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு நினைப்பு. நான் வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கி ஏற்றினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். அதற்குள் மணி பதினொன்று எட்டு. அவள் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் தானாக வேறு அலைவரிசைக்கு, பதின்மூன்றாம் சேனலுக்கு, மாறியிருந்தது. லினக்ஸ் போட்ட அன்று ஏதோ ஒரு வலைப்பக்கத்தைப் பார்த்து, நான் கால் வைத்தேயிராத ஒரு நாட்டின் குறியீட்டை லேப்டாப்பில் அடித்திருந்தேன். அந்த நாட்டில் வைஃபைக்கு அனுமதி பதினொன்றாம் சேனலோடு சரி. அதற்கு மேல் ஸ்கேன் தேடவே தேடாது. குறியீட்டை நம் நாட்டுக்கு மாற்றினேன். எங்கள் நெட்வொர்க் முதல் வரியில் வந்து நின்றது.

“வந்துடுச்சு!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போனில் வக்கீலம்மா பேசிக்கொண்டிருந்தார். இரண்டு முறை பெயர் கூப்பிட்டார்களாம். இவள் உள்ளே நுழைவதற்குள் அடுத்த வழக்கை எடுத்துவிட்டார்களாம். விடுமுறை முழுக்க அப்பாவிடம். நாலு மணிக்கு அவர் வந்து கூட்டிப் போகலாம் என்று உத்தரவு.

சேனல் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவள் பாதியிலேயே எழுந்து குட்டியின் துணி அலமாரியைத் திறந்தாள்.

“அந்தப் பெரிய பெட்டி மேல இருக்கு. எனக்கு எட்டாது, எடுத்துக் குடு” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.