கை தூக்காமல் போன குருவி

“கேக்குதா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல!” என்று எங்கள் அணிக்காரர் கிளின் குசுகுசுவென்று கத்தினார். குசுகுசுவென்று எப்படிக் கத்துவது என்று கேட்காதீர்கள், கிளினால் முடியும்.

“எனக்குக் கேக்குது,” என்றேன்.

முட்புதருக்குள்ளிருந்து வெட்டுக்கிளிக் கதிர்க்குருவி! தூண்டில் சக்கரத்தை யாரோ விடாமல் சுற்றுவது போல, ஊசி மாதிரி மெல்லிய ஒரு ர்ர்ர்ர். லேசில் கண்ணில் படாது, குரல் கேட்டாலே கணக்குதான். ஆனால் எங்கள் சதுப்பில் மே மாதப் பறவைப் பந்தயத்துக்கு, அதாவது ஒரே நாளில் அதிக வகைப் பறவைகளைக் கணக்கில் சேர்க்கும் போட்டிக்கு, கறாரான விதி ஒன்று உண்டு. அணியின் மூன்று பேரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது கேட்டிருக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் அந்தப் பறவை போச்சு.

எங்கள் மூன்றாவது ஆள் டெனிஸ், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர். நாணலுக்குள் பெருங்குருகு உறுமினால் எல்லாருக்கும் முன்னால் திரும்புவது அவர் தலைதான்.

“சீக்கிரம் டெனிஸ்! எதிர் அணிக்காரங்க மீசைக்குருவிக் கூட்டத்தையே பாத்துட்டாங்களாம்!”

“கேக்குது, கேக்குது. அருமையா இழுக்குது,” என்றார் டெனிஸ்.

அவர் அதைச் சொன்னபோது குருவி பாட்டை நிறுத்தியிருந்தது.

கிளின் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஏற்கெனவே பறவை பார்க்கும் மரக்குடிலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். நான் கவனித்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில் வயது ஏறினால் இந்த மெல்லிய குரல்கள்தான் முதலில் விடைபெறும். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நானும் திறக்கவில்லை. குடிலில் சாண்ட்விச் சாப்பிட்டபோது, நேர் எதிரே கரண்டிவாயன் ஒன்று ஒற்றைக்காலில் தூங்கி வழிந்தது. அதைக் கேலி செய்யாமல் டெனிஸ் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் எல்லாரும் மதுக்கடையின் பின்னறையில் கூடினோம். மேசை முழுக்க வினிகர் ஊற்றிய உருளை வறுவல். எதிர் அணித் தலைவி மார்ஜ் எங்கள் பறவைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க, பார்த்த அல்லது கேட்ட நாங்கள் ஒவ்வொருவராகக் கை தூக்க வேண்டும். அதிலும் சின்னவர்தான் முதலில். பெரியவர்களைப் பார்த்துச் சின்னவர்கள் ஒத்து ஊதக்கூடாதாம். எங்கள் அணியில் சின்னவள் நான், அப்புறம் கிளின், கடைசியில் டெனிஸ்.

அவர்களைவிட எங்களுக்கு ஒன்றே ஒன்று கூடுதல்.

“வெட்டுக்கிளிக் கதிர்க்குருவி!” என்றார் மார்ஜ்.

டெனிஸ் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கினால் இத்தனை வருடம் கட்டிக் காத்த நேர்மை போய்விடும். தூக்காவிட்டால் அவர் காது விஷயம் அறை முழுக்கத் தெரிந்துவிடும். முதல் முறை என்னுடையது; நான் விட்டாலே பறவை போச்சு, அவர் முறை வராது. என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

“எனக்குக் கேக்கல,” என்றேன்.

“ஏய் டெஸ்! கேக்குதுன்னு முதல்ல சொன்னதே நீதானே?” கிளின் எழுந்தே விட்டார்.

“இப்ப யோசிச்சா ஏதோ பூச்சி மாதிரி தோணுது.”

“அடுத்த வருஷமாவது காதைக் கழுவிட்டு வா, கண்ணு!” என்றார் மார்ஜ். அறையே சிரித்தது. பந்தயம் சமனில் முடிந்தது.

வெளியே வந்ததும் டெனிஸ் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனார்.

“எனக்குக் கேக்கலைன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதானே?”

தலையாட்டினேன்.

“காலைல கிளின் அவசரப்படுத்தினதுல வாய் தவறிடுச்சு. நாள் பூரா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. என் முறை வர்றப்போ கையக் கீழயே வெச்சுக்கிட்டு, ‘இனிமே அந்தக் குரல் எனக்கு எட்டாதுப்பா’ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடலாம்னு இருந்தேன். ஒரு கிளாஸ் முழுசாக் குடிச்சுத் தைரியம் ஏத்தி வெச்சிருந்தேன். நடுவுல நீ பாஞ்சுட்டே.”

“உங்களுக்காகத்தான் டெனிஸ்…”

“தெரியுதுடி. அதனாலதான் இன்னும் எரியுது. இனி அந்தத் தைரியத்துக்கு நான் எங்க போவேன்?”

என் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு. அது செல்லமா கோபமா, எனக்குப் புரியவில்லை. கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்து போய்விட்டார்.

கிளின் இன்னும் என்னோடு பேசவில்லை. அதைச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் நான் பாட்டுக்குக் கையைத் தூக்கிவிட்டு, டெனிஸ் முறை வரும்வரை அவரை நம்பிக் காத்திருந்திருக்க வேண்டுமோ? அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்களேன், அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் கை தூக்கியிருப்பீர்களா?