சுவருக்கு இந்தப் பக்கம் ஐந்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பாலவனத்தத்தில் ஒரு மண்டபம். தொழிற்சாலைகளைச் சோதனை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். ரசம் வருவதற்குள் ஒரு வேடிக்கை சொன்னார். அருப்புக்கோட்டையில் அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே கொட்டகையில் கோடு கிழித்து அதை மூன்று கம்பெனி ஆக்கி, சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவினார்கள் என்பதுதான் வேடிக்கை. வரிசையே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

உள்ளே யார் வேலை பார்த்தார்கள் என்று கேட்டேன்.

“பொம்பளைகதான், நாலஞ்சு பேரு. அதுல ஒண்ணு போயிருச்சு, பாவம்,” என்றார். பிறகு மோர் கேட்டார்.

அந்தக் கொட்டகையில் இருந்த குளோரின் சிலிண்டர் எத்தனை என்பது அவருக்கு இன்றைக்கும் துல்லியமாக நினைவிருக்கிறது. பெண்கள் மட்டும் நாலஞ்சு. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் எழுதுவதுதான் இது, அழகாக வரவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரிக்காக முட்டி மோதியதை அப்படியே விட்டு வைக்கிறேன்.

‘குளோரின் என்பது மஞ்சள் கலந்த பச்சை நிறமுடைய, காற்றைவிடக் கனமான...’

இது பாடப்புத்தகம். வேண்டாம்.

‘திருச்சுழி ரோட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கருவேல மரங்களின்...’

எங்கள் பக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வெயில் தானாக வந்துவிடுகிறது. இந்தக் கதையில் வெயில் யாரையும் கொல்லவில்லை. அடித்துவிட்டேன்.

‘முருகேஸ்வரி நிறமுள்ள சேலை எதையும் வேலைக்குக் கட்டிப் போனதில்லை.’

இது இருக்கட்டும். இதில் ஒரு ஆள் இருக்கிறாள்.

3

முருகேஸ்வரி நிறமுள்ள சேலை எதையும் வேலைக்குக் கட்டிப் போனதில்லை. கட்டினால் மூன்றாம் வாரம் அதற்கு நிறம் இருக்காது. அவள் வேலை பார்த்தது வெளுப்புப் பட்டறையில். துண்டு நெய்வதற்கான நூலை வெளுத்துக் கொடுக்கும் இடம். தொட்டியில் சுண்ணாம்பு கரைத்த தண்ணீருக்குள் சிலிண்டரிலிருந்து குளோரினை விடுவார்கள். அந்தத் தண்ணீரில் கழி கழியாகச் சுற்றிய நூலை முக்கி, புரட்டி, பிழிந்து, பின்பக்கத்து வெளியில் காயப் போட வேண்டும். முருகேஸ்வரியும் சுப்பம்மாளும் தொட்டிக்காரிகள். சாயங்காலம் பாளையம்பட்டி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் இருவரும் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அவ்வளவு வாடை.

“நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கிருவோம்,” என்பாள் சுப்பம்மாள். முருகேஸ்வரியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், கனத்த உடம்பு, கண்டக்டரையே அதட்டிச் சில்லறை வாங்குகிற வாய். முருகேஸ்வரிக்குக் கூடப் பிறந்த அக்கா கிடையாது. அந்த இடத்தில் சுப்பம்மாள் இருந்தாள்.

வாடை மிஞ்சினால் என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பின்பக்க வாசல் வழியாக வெளியே ஓடிவிடுவார்கள். வருஷக்கணக்கில் ஓடி ஓடிக் கால்களுக்கே வழி பழகிப்போயிருந்தது. முதலாளி தரப்புப் பாதுகாப்பு ஏற்பாடும் ஒன்று உண்டு. காலையில் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம்.*

(* கற்பனை என்று நினைக்க வேண்டாம். நெஞ்சில் இறங்கும் விஷத்தை வெல்லம் இழுத்துக்கொள்ளும் என்று முதலாளிமாரும் நம்பினார்கள், தொழிலாளிகளும் நம்பினார்கள். முகமூடியைவிட வெல்லம் மலிவு என்பதால் முதலாளிமார் கொஞ்சம் கூடுதலாக நம்பினார்கள்.)

4

இங்கே கொஞ்சம் கட்டுரை. கதை மட்டும் வேண்டும் என்பவர்களும் இதைத் தாண்டிப் போகக் கூடாது, ஏனென்றால் கொலை இங்கேதான் நடக்கிறது.

வாயுக்களுக்கும் வகுப்பும் பிரிவும் உண்டு. எரிகிற வாயு ஒரு பிரிவு, எரியாத சாது ஒரு பிரிவு, நச்சு ஒரு பிரிவு. குளோரின் நச்சுப் பிரிவு. உலகமெங்கும் அதற்கு ஒரே அடையாளம்தான், சாய்சதுரத்துக்குள் மண்டையோடு. அந்த ஒட்டுச்சீட்டு பட்டறைக்கு வந்த ஒவ்வொரு மஞ்சள் சிலிண்டரிலும் இருந்தது. ஆயுத பூஜை அன்றைக்கு மண்டையோட்டின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அதில் எனக்குக் கோபமில்லை.

கோபம் எங்கே என்றால், இந்த வகைப்பாடு ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால்தான் கண் திறக்கிறது. இத்தனை சிலிண்டருக்கு மேல் வைத்தால் லைசென்ஸ், தனி அறை, முகமூடி, கசிவு மணி, அகலமான இரண்டு வாசல். அதற்குக் கீழே வைத்தால் ஒன்றும் வேண்டாம். (சரியான எண் சட்டப் புத்தகத்தில் இருக்கும். கதைக்கு ஐந்து என்று வைத்துக்கொள்கிறேன்.) அப்படியானால் ஆறாவது சிலிண்டர் வரும்வரை மற்ற ஐந்தும் என்ன? இளநீரா?

பட்டறையில் இருந்தவை பதினைந்து. போபாலுக்குப் பிறகு விதிகள் இறுகின. தொண்ணூற்றொன்றிலோ இரண்டிலோ அதிகாரி சோதனைக்கு வந்தார். மூத்த அண்ணாச்சி ரத்தினம் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அந்த ஒரு வாரத்தில் குடும்பத்தில் பாகம் பிரிந்தது. கொட்டகையின் தரையில் குறுக்கே இரண்டு சுண்ணாம்புக் கோடு, வெளியே மூன்று பெயர்ப்பலகை, மூன்று சாமி படம், ஆளுக்கு ஐந்து சிலிண்டர். ராத்திரி மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கியதைச் சாப்பிட்டார்கள்.

அதிகாரி கோட்டைப் பார்த்துச் சிரித்தார். கோடு போதாது, சுவர் எழுப்பி, நடு அறைக்குத் தனியாக ஒரு வாசல் வைத்துவிட்டால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று யோசனை சொன்னார். அவர் யோசனைதான். பந்தியில் அதைப் பெருமையாகவே சொன்னார்.

சுவர் எழும்பியது. ஆள் உயரத்துக்குத்தான், கூரை வரைக்கும் யார் செங்கல் வாங்கிப் போடுவது? முருகேஸ்வரியின் தொட்டி நடு அறையில் அகப்பட்டுக்கொண்டது. ரோட்டைப் பார்த்த பக்கச் சுவரை உடைத்து ஒரு வாசல் வைத்தார்கள். லாரியிலிருந்து இறக்க வசதியாக, அந்த வாசலை ஒட்டியே ஐந்து சிலிண்டரையும் நிறுத்தினார்கள். பின்பக்க வெளிக்குப் போகும் பழைய வழி இப்போது கடைசித் தம்பியின் கம்பெனிக்குள் இருந்தது.

5

சுவருக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை. அதற்குள் ஒரு காலையில் நடு அறைச் சிலிண்டர் ஒன்றின் வால்வு கழுத்தோடு விட்டுப்போனது. வாசல் பக்கம் இருந்த இரண்டு பெண்கள் வெளியே பாய்ந்துவிட்டார்கள். முருகேஸ்வரியும் சுப்பம்மாளும் உள்கோடியில், தொட்டிக்குப் பக்கத்தில். அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவில் பச்சையாக ஒரு புகை தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது.

சுப்பம்மாள் பழகிய வழியில் ஓடினாள். ஓடிச் சுவரில் மோதினாள்.

‘அப்போது அவள் முகத்தில்...’

எழுத மாட்டேன். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவள் முருகேஸ்வரி. அவள் பிற்பாடு யாரிடமும் அதைச் சொல்லவில்லை என்று வைத்திருக்கிறேன்.

சுப்பம்மாள் நூல் பொதியை இழுத்துச் சுவரோரம் போட்டு, முருகேஸ்வரியை அதன் மேல் ஏற்றி, தோள் கொடுத்துத் தள்ளினாள். “ஏறிப் போ தாயி, நான் வாரேன்,” என்றாள். முருகேஸ்வரி சுவரின் மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். கை கிடைத்தது. கனத்தைத் தூக்க முடியவில்லை. கனமான வாயு கீழேயே தங்கும், சுப்பம்மாளும் கீழேதான் நின்றாள். கொஞ்ச நேரத்தில் புகை சுவரைத் தாண்டி மற்ற இரண்டு கம்பெனிக்குள்ளும் போனது. யாரிடமும் பெயர்ப்பலகை பார்த்து அனுமதி கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து சுப்பம்மாள் செத்தாள். காகிதத்தில் ‘மூச்சுத் திணறல்’ என்று எழுதியிருந்தது. செத்தவர்கள் எல்லாருக்கும் மூச்சு நின்றுதான் போகிறது.

6

முருகேஸ்வரியை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். நாலஞ்சு பேரில் ஒருத்திக்கு நானாகப் பெயர் வைத்தேன். முதலில் அவளைத் தைரியசாலியாக எழுதினேன். பொய்யாக இருந்தது. பிறகு பயந்தவளாக எழுதினேன். அது அதைவிடப் பெரிய பொய். இப்போது அவள் இரண்டும்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வீட்டில் இரண்டு பிள்ளைகள், அக்காவின் பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

விசாரணைக்கு முந்தின நாள் ரத்தினம் அவள் வீட்டுக்கே வந்தார். மிரட்டவில்லை. மூன்றும் ஒன்று என்று வந்துவிட்டால் பட்டறைக்குப் பூட்டு, இத்தனை பெண்களும் விறகு வெட்டிக் கரிமூட்டம் போடத்தான் போக வேண்டும், யோசித்துக்கொள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதில் பொய் இல்லை, அதனால்தான் எனக்கு ஆத்திரம்.

அவருக்குப் பின்னால் சுப்பம்மாளின் புருஷன் சந்தனம் வந்தார். உட்காரவில்லை. “அவ சீக்குல சாகலன்னு மட்டும் எழுதி வாங்கணும்த்தா. வேற ஒண்ணும் வேண்டாம்,” என்றார்.

மூன்று கம்பெனி என்றால் அறைக்கு ஐந்து, சட்டப்படி ஆபத்து இல்லாத இடம். ஆபத்து இல்லாத இடத்தில் செத்தவள் சீக்கில்தான் செத்திருக்க வேண்டும். ஒரே கம்பெனி என்றால் பதினைந்து, அப்போது அது குற்றம். சுப்பம்மாள் எதனால் செத்தாள் என்பது ஒரு கூட்டலில் தொங்கிக்கொண்டிருந்தது.

7

விசாரணை பட்டறையிலேயே நடந்தது. விசாரித்தவர் சுவர் எழுப்பச் சொன்ன அதே அதிகாரி. (இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் எந்த ஊர்?) ரத்தினமும் தம்பிகளும் ஆளுக்கொரு பலகைக்குக் கீழே, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல நின்றார்கள். குமாஸ்தா எழுதத் தயாராக இருந்தார். அதிகாரி முருகேஸ்வரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ வேல பாத்த எடத்துல எத்தன சிலிண்டரும்மா இருந்துச்சு? கண்ணால பாத்தத மட்டும் சொல்லு.”

முதல் முடிவு: பதினைந்து என்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்கிறார். குமாஸ்தா எழுதாமல் இருக்கிறார்.

இரண்டாம் முடிவு: ஐந்து என்கிறாள். அது உண்மை. அவள் நின்ற இடத்திலிருந்து ஐந்துதான் தெரியும். அக்காவைக் கொன்ற சுவர் சாட்சியின் கண்ணையும் மறைத்துவிட்டது. பந்தியில் கேட்ட வேடிக்கைப்படி இதுதான் நடந்தது. பட்டறை திறந்தது, எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

இந்த இரண்டையும் எழுதிவிட்டு நான் சாப்பிடாமல் படுத்தேன். எழுந்து மூன்றாவதாக ஒன்று எழுதினேன். தொட்டிக்காரி ஒருத்தி அதிகாரியை வாயடைக்க வைப்பது கதையில்தான் நடக்கும் என்று எனக்கும் தெரியும். நானும் கதைதானே எழுதுகிறேன்?

முருகேஸ்வரி இருமி முடித்தாள். பிறகு சொன்னாள்:

“எனக்குக் கணக்குத் தெரியாது சார். ஒண்ணு செய்வோம். அண்ணாச்சி அந்தப் பக்கம் போயி, அவுக கம்பெனி சிலிண்டர் ஒண்ணத் தொறந்துவிடட்டும். நீங்க இந்தப் பக்கம், சுப்பம்மாக்கா நின்ன எடத்துல நில்லுங்க. கம்பெனி மூணா ஒண்ணான்னு ஒங்களுக்கே தெரிஞ்சிரும்.”

ரத்தினம் அதிகாரியைப் பார்த்தார்.

8

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அதிகாரி என்ன செய்தார் என்பதை முடிவு செய்ய நான் யார்? அவர் இடத்தில் இப்போது நீங்கள் நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர். வாசல் எதிரே இருக்கிறது, ரொம்பத் தூரமில்லை. சட்டப்படி இந்த அறையில் ஆபத்து எதுவும் இல்லை, எழுத்தில் இருக்கிறது, நீங்களே கையெழுத்துப் போட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தினம் ஸ்பேனரை எடுக்கும் சத்தம் கேட்கிறது. குமாஸ்தா பேனாவோடு உங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.