பதினேழாம் எண் எழுதாத தீர்ப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்தது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று, தேர்வுக்காகக் கற்பனையாக ஒரு வழக்கை எழுதித் தரும்படி என்னைக் கூப்பிட்டிருந்தது.

[முதலில் எழுதி அடித்த தொடக்கம்: "நீதியின் நெடிய தாழ்வாரத்தில் காலடியோசை…" அந்தக் கட்டடத்தில் தாழ்வாரமே கிடையாது. மூன்றாவது மாடி, ஒரு நீள மேசை, கடகடக்கும் மின்விசிறி, அவ்வளவுதான்.]

2

அந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று சொல்லாமல் என்னால் நகர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் மூத்தவர்கள் மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். கதவு திறந்தால் ஒரு பெயர் வெளியே வரும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்க வழியில்லை. புதிய முறையில் பெயர் உள்ளேயே போகாது. விண்ணப்பித்த வழக்கறிஞர்களுக்கு வெறும் எண்கள்தான். எல்லோருக்கும் ஒரே வழக்கு, ஒரே ஆறு மணி நேரம். அவர்கள் எழுதும் தீர்ப்பை ஐந்து பேர் படிப்பார்கள். நால்வர் சட்டம் தெரிந்தவர்கள். ஐந்தாமவர் நீதிமன்றப் படியே மிதிக்காதவராக இருக்க வேண்டும், தீர்ப்பு அவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக. இந்த முறை அவர் ஒரு பேக்கரிக்காரம்மா.

(நம் வீட்டையும் பிள்ளையையும் பிழைப்பையும் ஒருநாள் ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். அந்தக் கையைத் தேட மனிதர்கள் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே என்று மலைத்துப் போனேன். மலைப்பு இன்னும் தீரவில்லை.)

3

நான் எழுதிய வழக்கு இதுதான். ஒரு லிஃப்ட் விழுகிறது. சோதிக்காமலேயே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார் என்று மெக்கானிக்கை வேலையைவிட்டு அனுப்புகிறார்கள். அவரோ சோதித்தேன் என்கிறார். ஒரே சாட்சி காவலாளி: "மெஷின் ரூமை அவர் திறக்கவே இல்ல."

[காவலாளிக்கு ஒரு முறுக்கு மீசை வைத்தேன். எடுத்தேன். அவர் பேச்சில் ஏதோ ஒன்று எனக்கு… சரி, விடுங்கள்.]

நாற்பத்தொரு பேர் எழுதினார்கள். இருபத்திரண்டு பேர் மெக்கானிக்குக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினெட்டு பேர் நீக்கியது சரி என்றார்கள். பதினேழாம் எண் மட்டும் இப்படி எழுதியிருந்தார்:

"லிஃப்ட் விழுந்தது பதினான்காம் தேதி. அது பற்றிய வாக்குமூலத்தில் காவலாளி கையெழுத்திட்டது பதின்மூன்றாம் தேதி. கைத்தவறாக இருக்கலாம். ஆனால் அவரைக் கேட்காமல் ஒருவருடைய பிழைப்பைப் பற்றி நான் முடிவு சொல்ல மாட்டேன். சாட்சியைத் திரும்ப அழைக்கிறேன்."

அந்தக் கோப்பை நான் ஒன்பது முறை படித்துத் திருத்தியவன். தேதிகள் என் கண்ணில் படவே இல்லை.

4

வழக்கை முடிக்காத தாளுக்கு மதிப்பெண் கிடையாது என்பது விதி. செயலாளர் போன் செய்தார்.

"அந்தத் தேதி வேணும்னே வச்ச பொறியா, தவறிப் போச்சா? நாளைக்கு வந்து குழுகிட்டச் சொல்லிடுங்க. பொறின்னா அவர்தான் முதல் ஆள். இல்லன்னா பூஜ்யம். அவருக்கு வயசு வரம்பு வேற இந்த வருஷத்தோட…" சட்டென்று நிறுத்தினார். எந்த எண் யார் என்ற பட்டியல் அவரிடம் மட்டும்தான் உண்டு. "நான் அதைச் சொல்லல. நீங்க கேக்கல."

என் மனைவிக்கு இதில் குழப்பமே இல்லை. "பொறின்னு சொல்லிட்டு வாங்களேன். அந்த மனுஷருக்கு வேலை, உங்களுக்குப் பெரிய மூளைக்காரர்னு பேரு. சும்மா கிடைக்குது."

"மத்த நாப்பது பேரு?"

"தேதியைக்கூடப் பாக்காத ஆளுங்க எனக்கு ஜட்ஜா வர வேணாம்ப்பா."

"நானும்தான் பாக்கல."

"அதனாலதான் நீங்க கதை எழுதுறீங்க."

5

[முடிவு அ: பொறி என்கிறேன். நல்லவரைத் தேடும் இயந்திரத்துக்குள் ஒரு பொய்யைப் போட்டு, அதிலிருந்து ஒரு நல்ல நீதிபதியை எடுத்து… இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.]

"தவறிப் போச்சுங்க ஐயா," என்றேன் மறுநாள் குழுவிடம்.

"அப்போ பூஜ்யம்தான்," என்றார் தலைவர். இன்னொருவர் தலையசைத்தார்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "நிஜக் கோர்ட்டுல வர்ற பிழையெல்லாம் சொல்லி வச்சா வருது?" பக்கத்தில் இருந்தவரும் அவரோடு சேர்ந்துகொண்டார். இரண்டுக்கு இரண்டு.

பேக்கரிக்காரம்மா என் பக்கம் திரும்பினார். "ஏங்க, அந்த மெக்கானிக் நிஜமாவே ரூமைத் திறந்தாரா, இல்லையா?"

"தெரியாதுங்க."

"எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க. காவலாளி சொன்னாரு. நான் நம்பிட்டேன்."

சொல்லும்போதுதான் உறைத்தது. நான் படைத்த ஆளை நானே ஒரு கேள்வி கேட்டதில்லை. முகம் தெரியாத ஒருவர், கற்பனை மெக்கானிக் ஒருவருக்காக, தன் கடைசி வாய்ப்பைப் பணயம் வைத்து அதைக் கேட்டிருக்கிறார்.

"ஆனா தீர்ப்பு எழுதச் சொன்னா எழுதணுமில்ல?" என்று அந்தம்மா தனக்குள் முணுமுணுத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினேழாம் தாளை இழுத்து மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். நடந்தது எனக்குத் தெரியும்; ஆனாலும் சொல்லப் போவதில்லை. அந்தம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்களும் அநேகமாகச் சட்டம் படித்தவரில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.